அங்கே ஒன்றுமில்லை

ஊர் பார்க்கப் போகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. நாலு நாளில் பதினாறு இடங்களைப் பார்த்து முடித்துவிட்டு, வீடு திரும்பியதும் கால்வலிக்குத் தைலம் தேடுகிறவர்கள் ஒரு கட்சி. ஓரிடத்தில் சாவகாசமாக உட்கார்ந்து ஒரு காப்பியைக் குடித்துவிட்டு, 'இன்றைக்கு இது போதும்' என்று சொல்லத் துணிந்தவர்கள் மற்றொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியில் நெடுநாள் உறுப்பினன். நாம் பார்க்கப்போகிற கோட்டையும் கோபுரமும் சில நூறு வருஷங்களாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நாளைக்குப் போனாலும் அவை நம்மைக் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் இந்தச் சாவகாசத்தில் ஒரு தொல்லையும் இருக்கிறது. ஓடுகிறவனுக்கு யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கிடைத்துவிடுகிறது. அப்படி உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அடிக்கடி தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. இடிந்துபோனதைப் பார்ப்பதில் மனிதனுக்கு ஏன் இத்தனை இன்பம்? அது நியாயமான இன்பந்தானா?

அடுத்த வீட்டுச் சுவர் நேற்றைய மழையில் விழுந்தால், 'ஐயோ பாவம்' என்று ஓடுகிறோம். அதே சுவர் முந்நூறு வருஷத்துக்கு முன் விழுந்திருந்தால், பையனை அதன்மேல் ஏற்றி நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். சுவர் ஒன்றுதான். விழுந்ததும் ஒரே விதமாகத்தான். நடுவில் வந்து நின்ற காலம் மட்டும் 'ஐயோ'வை 'ஆகா'வாக மாற்றிவிடுகிறது. இந்த மாற்றத்தை நாம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

மதுரைக்குப் போகிறவர்கள் திருமலை நாயக்கர் மகாலைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1636இல் எழுந்த அரண்மனை. இப்போது நிற்பது அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். மற்ற முக்கால் பங்கைப் பகைவன் எவனும் கொளுத்திவிடவில்லை. நாயக்கரின் பேரனான சொக்கநாத நாயக்கர், தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது, அங்கே தமக்கு ஒரு மாளிகை வேண்டுமென்று பாட்டனார் வீட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார் என்று சொல்கிறார்கள். பாகப்பிரிவினையில் கதவையும் நிலையையும் பெயர்த்துக்கொண்டு போகும் பேரப்பிள்ளைகளைப் பார்த்திருக்கும் நமக்கு இது அப்படியொன்றும் அதிசயமான செய்தி அல்ல. மிச்சமிருந்ததைச் சென்னை ராஜதானியின் கவர்னராக 1866 முதல் 1872 வரை இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அதனால்தான் இன்று நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போக முடிகிறது.

உள்ளே போனதும் அந்தத் தூண்கள்! இருவர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அண்ணாந்து பார்த்தால் கழுத்துச் சுளுக்கிக்கொள்ளும். முற்றத்துப் படியில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்துப் பேரில் ஏழு பேர் ஒரே வாக்கியத்தைத்தான் வேறுவேறு விதமாகச் சொன்னார்கள். "எப்பேர்ப்பட்ட ராஜா! எங்கே போனார் பார்த்தீர்களா?"

நிலையாமை நமக்குப் பரம்பரையாகப் பழகிய பாடம். பிடிசாம்பல் என்ற சொல்லைப் பாட்டியின் மடியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகையால் இடிபாட்டைக் கண்டதும் நம் மனம் தானாகவே அந்த வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறது. அரசனும் போனான், ஆண்டியும் போனான், எல்லாரும் ஒருநாள் போகவேண்டியவர்கள்தாம். இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது மனத்துக்கு ஒரு குளிர்ச்சி உண்டாகிறது. மாதக் கடைசியில் கையில் காசில்லாதவனுக்கு, மகால் கட்டினவனும் இதே வழிதான் போனான் என்பதில் கொஞ்சம் ஆறுதல்கூட இருக்கிறது.

இந்த ஆறுதலில்தான் எனக்குச் சந்தேகம். அரசனும் ஆண்டியும் ஒன்றாகப் போனார்கள் என்பது சாவைப் பொறுத்தவரை உண்மை. போன பிறகு நடந்ததைப் பொறுத்தவரை உண்மையில்லை. அரசன் தூணை விட்டுப் போனான். தூணுக்குச் செங்கல் சுமந்தவன் எதை விட்டுப் போனான்? அவனுடைய குடிசையும் இடிந்துதான் போயிற்று. அதை யாரும் பழுதுபார்க்கவில்லை. யாரும் அதன் முன்னால் நின்று, 'எப்பேர்ப்பட்ட சித்தாள்! எங்கே போனான் பார்த்தீர்களா?' என்று பெருமூச்சு விடவும் இல்லை. எல்லாரும் சமம் என்று சொல்லும் நிலையாமைப் பாடம், ஒருவன் நினைக்கப்படுவதையும் மற்றவன் மறக்கப்படுவதையும் ஒரே சாம்பலால் மூடிவிடுகிறது.

மதுரைக்குத் தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் கீழடி இருக்கிறது. அங்கே போனால் இந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும். 2015இல் தோண்டத் தொடங்கிய இடம். வாழ்க்கைச் சின்னங்கள் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை பின்னே போகின்றன என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. 2023இல் அருமையான அருங்காட்சியகமும் திறந்திருக்கிறார்கள். அங்கே இதுவரை அரசன் எவனும் அகப்படவில்லை. செங்கல் சுவர்கள், உறைகிணறுகள், நூல் நூற்ற தக்களியின் உருளைகள், பகடைக்காய்கள், வட்டச் சில்லுகள், பானை ஓடுகள். மகாலிலிருந்து நேராக அங்கே வந்த ஒரு குடும்பத்தலைவர் மனைவியிடம், "ஒன்றும் பெரிதாக இல்லையே, வெறும் ஓட்டாஞ்சில்லு" என்று சொன்னதைக் கேட்டேன்.

அந்த ஓட்டாஞ்சில்லுகளில் சிலவற்றில் தமிழி எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கின்றன. ஆதன் என்று ஒருவன். குவிரன் என்று ஒருவன். யார் இவர்கள்? எந்தப் பட்டத்துக்கும் உரியவர்களாகத் தெரியவில்லை. தன் பானை அடுத்தவன் பானையோடு கலந்துவிடக்கூடாதே என்ற கவலையில் ஓர் ஆணியையோ முள்ளையோ எடுத்துக் கீறியிருக்கலாம். அந்தச் சின்னக் கவலை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து, அவனுடைய பெயரை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. சாதாரண மனிதன் ஒருவன் மறதியிலிருந்து தப்பித்துக்கொண்டது இப்படித் தற்செயலாகத்தான். மற்ற ஆயிரக்கணக்கானவர்கள் பானையில் பெயர் எழுதவில்லை. அவர்கள் இல்லாமல் போய்விட்டார்கள்.

இந்த எண்ணங்களோடு போடிநாயக்கனூருக்கு ரயில் ஏறினேன். அந்த ரயில் பாதையே ஒரு சரித்திரம். 1928இல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். 2010ஆம் ஆண்டின் கடைசி நாளோடு அகலப்பாதை வேலைக்காக நிறுத்தினார்கள். 2023 ஜூனில் மீண்டும் போடி வரை வண்டி வந்தது. இரண்டு முறை செத்துப் பிழைத்த பாதை என்றே சொல்லவேண்டும்.

போடியில் இறங்கினால் மூக்குத்தான் முதலில் ஊரைப் பார்க்கிறது. ஏலக்காய் வாசனை. மலையில் விளையும் காய் இங்கே ஏலத்துக்கு வருகிறது. தரம் பிரிக்கிறார்கள், சலிக்கிறார்கள், மூட்டை போடுகிறார்கள். எனக்கு அங்கே ஏலக்காய் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் உண்டு. காய் ஒன்றை விரலால் உருட்டிப் பார்த்தே அது எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லக்கூடியவர். அவருடைய காரில் போடிமெட்டுக்குப் புறப்பட்டோம். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் சாலை மலையைச் சுற்றிக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் கீழே உள்ள சமவெளி ஒரு படி இறங்கி, புளியந்தோப்பும் தென்னையும் இலவ மரமும் பாய் விரித்தாற்போல் ஆகிவிடுகின்றன. மேலே மெட்டில் குளிர் காற்று. அந்தப் பக்கம் கேரளம். எல்லைச் சாவடிக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"டாப் ஸ்டேஷன் வரைக்கும் போய்வரலாமா?" என்று கேட்டேன்.

நண்பர் சிரித்தார். "அங்கே ஒன்றுமில்லையே சார். நாலு கடை, ஒரு மலைமுனை. மேகம் மூடிவிட்டால் அதுவும் இல்லை. அதற்கு மூன்னாற்றிலேயே தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். இயற்கை அழகு என்றால் அதுதான் அழகு."

இரண்டு வாக்கியங்கள். 'அங்கே ஒன்றுமில்லை' என்பது ஒன்று. 'இயற்கை அழகு' என்பது மற்றொன்று. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவார்கள். அதனால்தான் அவற்றைச் சற்று நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

டாப் ஸ்டேஷனில் என்ன இருந்தது? பெயரே சொல்லுகிறது, ஒரு ஸ்டேஷன் இருந்தது. 1902இல் மூன்னாற்றுத் தேயிலையை மலைமுனைக்குக் கொண்டுவருவதற்காகக் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்றைப் போட்டார்கள். வண்டியின் சிறு சக்கரங்கள் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் உருண்டு வண்டி சாயாமல் தாங்கிக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்தில் சிறிய ரயில் பாதையே போட்டுவிட்டார்கள். புகைவண்டி மூன்னாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கே தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிடுவார்கள். அவை அந்தரத்தில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் இறங்கி, கொட்டகுடிக்கு வந்து சேரும். கீழே இருந்ததனால் அந்த இடத்துக்கு பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். நடுவில் ஒரு நிலையம், சென்ட்ரல் ஸ்டேஷன். கொட்டகுடியிலிருந்து மாட்டு வண்டியில் போடி. அப்புறம் துறைமுகம், கப்பல், இங்கிலாந்து. லண்டனில் ஒருவர் சாயங்காலம் நாலு மணிக்குப் பருகிய தேநீர், போடி மாடுகளின் மூச்சிரைப்பில் ஒரு பகுதியையும் வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறது.

பதினாறு ஆண்டுகள் இப்படி நடந்தது. 1924 ஜூலையில் மலையில் பெய்த பெருமழை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. கொல்லம் ஆண்டு 1099 ஆகையால் மலையாளத்தார் அதைத் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று இன்றும் சொல்கிறார்கள். ரயில் பாதையைத் திரும்பப் போடவில்லை. மூன்னாற்று ஸ்டேஷன் கட்டடம் பிற்பாடு தேயிலைக் கம்பெனிக்கு அலுவலகம் ஆயிற்று. அங்குள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் அந்த ரயிலின் சக்கரம் ஒன்று இருக்கிறது. டாப் ஸ்டேஷனில் கம்பிவடப் பாதையின் மிச்சங்கள் சில, தேடினால் கிடைக்கும். தேடாவிட்டால் 'ஒன்றுமில்லை'.

இதே மாதிரி ஒற்றைத் தண்டவாள ரயில் பாட்டியாலா சமஸ்தானத்திலும் 1907இலிருந்து ஓடியது. அதன் எஞ்சின் ஒன்றைக் கண்டெடுத்துச் சீர்செய்து, புது டில்லி ரயில்வே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். சமஸ்தானத்து எஞ்சினுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. குண்டளை மாட்டை எந்த அருங்காட்சியகத்தில் வைப்பது? அதை ஓட்டினவனை?

அவன் யார் என்று ஊகிக்க முடியும். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தச் சரிவுகளில் ஒற்றையடிப் பாதை பிடித்து ஏறியவர்களில் ஒருவன். மழைக்கு ஒரு கம்பளி, சோற்றுக்கு ஒரு சட்டி. அட்டைக்கடியும் மலைக்காய்ச்சலும் மேலே காத்திருந்தன. அவர்கள் காட்டை அழித்தார்கள், கல் உடைத்தார்கள், தண்டவாளம் சுமந்தார்கள், செடி நட்டார்கள். அவர்களுடைய பெயர் கங்காணியின் பற்றுவரவு நோட்டில் இருந்திருக்கும். ஆதனைப்போல் பானையில் கீறிவைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். மூன்னாற்றுத் தேயிலைத் தோட்டத்தை 'இயற்கை அழகு' என்கிறோம். அதில் இயற்கை எங்கே இருக்கிறது? தேயிலையைத் தன் போக்கில் விட்டால் அது மரமாக வளரும். இடுப்பளவில் பச்சைக் கம்பளம்போல் அது நிற்பதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாகக் கவாத்து வெட்டிய கத்தியும், கொழுந்து கிள்ளிய விரலும். ஒவ்வொரு செடியும் ஒருவர் குனிந்து நட்டது. மகாலின் தூண் எப்படி மனிதக் கையால் ஆனதோ, அப்படியே அந்தப் பசுமையும். மகாலில் அந்தக் கைகளின் வேலையை அரசன் பெயரில் எழுதினோம். மலையில் அதே வேலையை இயற்கையின் பெயரில் எழுதிவிட்டோம். இரண்டு கணக்கிலும் விட்டுப்போன ஆள் ஒருவன்தான்.

இதை ஏதோ பழங்காலத்து அநியாயம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு, மூன்னாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் எழுபது பேர் மடிந்தார்கள். பெரும்பாலோர் தமிழர்கள், அவர்களின் மூதாதைகள் நான் சொன்ன அந்தப் பாதைகளில் ஏறிப்போனவர்கள்தாம். அந்த இடிபாட்டைப் பார்த்து யாரும் 'ஆகா' என்று சொல்ல மாட்டோம். அழுகிறவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகிறது. அழுவதற்கு ஆள் இல்லாமல் போன பிறகுதான் இடிபாடு காட்சிப்பொருள் ஆகிறது. நாம் 'பழமையின் அழகு' என்று அனுபவிப்பதில் ஒரு பங்கு, அங்கே அழுகுரல் ஓய்ந்துவிட்டது என்கிற வசதி.

மலையை வேடிக்கை பார்க்கும் இடமாக மட்டும் எண்ணிவிடக் கூடாது என்பதை இந்தச் சரிவே ஒருமுறை மிகக் கொடுமையாக நினைவூட்டியது. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக் காட்டில் பற்றிய தீயில், மலையேறி மகிழ வந்த இளைஞர்களும் பெண்களுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் தேடியது தவறான இன்பம் அல்ல. குன்றின்மேல் ஏறிக் காற்று வாங்கவேண்டும் என்ற ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. மலை நமக்காகப் போட்ட மேடைக்காட்சி அல்ல என்பதை மட்டும், அந்தச் சரிவைப் பார்க்கும்போதெல்லாம் மனம் சொல்லிக்கொள்கிறது.

இதையெல்லாம் திரும்பும் வழியில் நண்பரிடம் சொன்னேன். அவர் வண்டியை ஒரு வளைவில் ஓரமாக நிறுத்திவிட்டு, நல்ல கேள்வி ஒன்று கேட்டார்.

"சார், இப்படி யோசித்தால் ஒரு இடத்துக்கும் சிரித்துக்கொண்டு போகமுடியாதே? பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ரெண்டு நாள் சந்தோஷமாக இருக்கத்தானே வருகிறோம். அதுவும் போக, நீங்கள் நினைத்து வருத்தப்படுவதால் நூறு வருஷத்துக்கு முன் செத்த மாட்டுவண்டிக்காரனுக்கு என்ன லாபம்?"

வியாபாரி அல்லவா, லாபக் கணக்கைச் சரியாகத்தான் கேட்டார். நானும் கணக்காகவே பதில் சொல்ல முயன்றேன். செத்தவனுக்கு ஒரு லாபமும் இல்லை. வருத்தம் ஓர் ஆடம்பரமாகவும் ஆகிவிடலாம். டாப் ஸ்டேஷன் முனையில் நின்று கண்ணீர் விட்டுவிட்டுப் பொரித்த மீன் தின்னப் போகிறவனுடைய கண்ணீரில் எனக்கு நம்பிக்கை இல்லை. சந்தோஷப்படுவது குற்றமும் இல்லை. அந்தத் தூணைச் செதுக்கினவன் அதைப் பார்த்து யாராவது மகிழவேண்டும் என்றுதான் செதுக்கியிருப்பான். பாராமுகமாகப் போவதைவிட அண்ணாந்து பார்த்து வியப்பது அவனுக்குச் செய்யும் மரியாதை.

ஆனால் சாவகாசமாகப் போகிற நமக்கு ஒரு கடமை உண்டு என்று நினைக்கிறேன். 'இதைக் கட்டினது யார்?' என்று கேட்டுவிட்டு அரசன் பெயரைப் பெற்றுக்கொண்டு திருப்தியடைவது பாதிக் கேள்வி. 'சுமந்தது யார்?' என்பது மறுபாதி. பல இடங்களில் அதற்குப் பெயர் சொல்லிப் பதில் வராது. வராமல் போனாலும் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டுப் பழகாத கண் செத்தவனை மட்டும் காணாமல் விடுவதில்லை, உயிரோடு எதிரே வருகிறவனையும் விட்டுவிடுகிறது. லாபம் யாருக்கு என்றால் அந்த எதிரே வருகிறவனுக்குத்தான்.

நண்பர் பதில் சொல்லவில்லை. கீழே சமவெளியில் ஒவ்வொன்றாக விளக்கு ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அந்த வேளையில் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் மேலேயிருந்து இறங்கி வந்தன. போடியிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் விடியற்காலையில் ஏறிப்போய், பூப்பாறை, சாந்தம்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் நாள் முழுதும் குனிந்து காய் எடுத்துவிட்டு வீடு திரும்பும் பெண்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி தூக்கக் கலக்கத்தில் இருந்தார்கள். ஒரு கிழவியின் மடியில் காலித் தூக்குச்சட்டி. இன்றைக்கு நம் வீட்டுப் பாயசத்தில் மணக்கும் ஏலக்காய் அந்த விரல்கள் எடுத்தது. நூறு வருஷம் கழித்து இந்த மெட்டுக்கு வருகிறவர்களுக்கு அவர்களைப் பற்றி யாரும் சொல்லப்போவதில்லை. இன்று பார்க்கிறவர்கள் நாம்தான்.

நண்பர் வண்டியை எடுக்கவில்லை. ஜீப்புகள் எல்லாம் கடந்து போகட்டும் என்று விளக்கைத் தணித்துவிட்டு ஒதுங்கியே நின்றார். எதிரே வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலையில் எல்லாரும் செய்கிற காரியந்தான். ஆனாலும், "எங்கள் கடைக்கு வருகிற காய் இவர்கள் எடுக்கிறதுதான் சார்" என்று மெதுவாகச் சொன்னார்.